ஆள் எண்ணுகிற கப்பல்

"இதுல மொத்தம் எத்தனை கதவு?" என்று பெரியம்மா கேட்டாள். என் மேசைமேல் இரண்டு கப்பல்களின் படங்கள் கிடந்தன. ஒன்று சின்னது, பழசு. பெயின்ட் அடித்து வயதை மறைத்திருந்தார்கள். மற்றது அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த பெரிய கப்பல். எங்கள் சாந்தன்பாறைக் கடைவீதியை அப்படியே தூக்கி அதற்குள் வைத்துவிடலாம். இரண்டுமே கொச்சியிலிருந்து கிளம்பி மூன்று இரவு கடலில் சுற்றிவிட்டுக் கொச்சிக்கே திரும்புகிறவை. பூப்பாறையில் நான் வேலை பார்க்கும் டிராவல்ஸ் ஆபீசுக்கு வருகிறவர்கள் சாப்பாடு எப்படி, நீச்சல் குளம் உண்டா, பால்கனி உண்டா என்றுதான் கேட்பார்கள். கதவைக் கேட்டவள் என் அம்மாவின் அக்கா ஒருத்திதான். படத்தின்மேல் விரலை வைத்து அவள் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நான் என்னை மன்னிக்கவில்லை.

பெரியப்பா ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிற்கவைத்து, எண்ணி, யார் எந்தக் காட்டுக்குப் போகவேண்டும் என்று பிரித்துவிடுவதற்குத் தோட்டத்தில் மஸ்டர் என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் மஸ்டர் எடுத்தவர் அவர். ரிட்டயர் ஆகி, அரை ஏக்கர் ஏலமும் ஓட்டு வீடுமாக உட்கார்ந்த சில வருஷத்தில் மறதி நோய் வந்தது. முதலில் சாமான் வாங்கப் போன இடம் மறந்தது, பிறகு மகள் பெயர், பிறகு பெரியம்மா யார் என்பது. மஸ்டர் மட்டும் மறக்கவில்லை. இருட்டு பிரிவதற்கு முன்பே காக்கி அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தோட்டம் கைமாறி, மஸ்டர் எடுத்த ஷெட் இடிந்து போயிருந்தது. அங்கே யாரும் இல்லை என்று கண்டதும் ஆட்களைத் தேடி ஏலக்காட்டுக்குள் இறங்குவார். காணாமல் போனது ஆட்கள்தான், தான் இல்லை என்பது அவருடைய எண்ணம். அது யானை இறங்குகிற வழி.

பூட்டிவைத்தால் என்ன என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். திருப்பூரில் இருக்கும் மகள் ஒரு மாதம் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டித்தான் வைத்தாள். ஆட்கள் மழையில் நிற்கிறார்கள், கதவைத் திறங்கள் என்று கை முட்டி கிழிந்து ரத்தம் வரும்வரை கதவை இடித்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு பெரியம்மா பூட்டைத் தொடவில்லை. தினமும் விடியலில் அவர் முன்னால் போக, இவள் பின்னால் போவாள். முழங்கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு போவாள். "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான ஆகணும்" என்று சொல்லிச் சிரிப்பாள். தேனி டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார். பக்கத்திலேயே இருக்கிறவளை யார் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்க என் ஆபீசுக்கு வந்தவள், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே நாற்காலியில் தூங்கிப்போனாள். பத்து நிமிஷம் கழித்துத் திடுக்கிட்டு விழித்து, "எங்க அவரு?" என்று வாசலுக்கு ஓடினாள். அன்றைக்குப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள் சுவரில் ஒட்டியிருந்த கப்பல் படத்தையே பார்த்தாள். "சுத்தி தண்ணியா? அப்ப இதுல இருந்து எங்க நடந்து போவாரு?" என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று சொன்னாள்.

"முந்தாநாத்து யானப் பிண்டம் கெடந்துச்சு தாயி, அப்பத்தான் போட்ட சாணி, ஆவி பறக்க. அவரு முன்னால போறாரு. நான் கூப்புடல. ஒரு நிமிசம் நின்னுட்டேன். நாளைக்கு ரெண்டு நிமிசம் நிப்பேன். அதுக்குள்ள என்னைய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிரு."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருஷம் ஏலக்காய் விற்ற காசு அவளிடம் இருந்தது. தங்கிவர இரண்டு கப்பலில் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். மூன்று நாள் அவர் எங்கேயும் போகமுடியாத இடத்தில் அவள் தூங்கவேண்டும். நான் பெரிய கப்பலைத்தான் சொன்னேன். புதுசு, லிஃப்ட் உண்டு, டாக்டர் உண்டு, மூலைக்கு மூலை கேமரா. சின்னதில் ஏ.சி. ஒழுகுகிறது என்றும், வாசற்படிகள் தடுக்கும்படி உயரமாக இருக்கின்றன என்றும் போய்வந்தவர்கள் குறை சொல்லியிருந்தார்கள். பெரியம்மாவுக்கு அந்தக் கேமரா பிடிக்கவில்லை. தொலைந்த பிறகு படம் பார்த்து என்ன செய்ய, ஆயிரம் கதவுக்கு நடுவில் ஆளை எங்கே என்று தேட என்றாள். சின்னது என்றால் தானே ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துவிடுவாளாம். வாதம் இப்படியே இழுத்துக்கொண்டிருந்தபோது, என் பக்கத்துக்கு நியாயம் சேர்க்க, இரண்டு கப்பல்களின் பாதுகாப்பு விதிகளை எடுத்து வாசித்தேன். ஆபத்து வந்தால் எங்கே கூடவேண்டும் என்பதைப் பெரிய கப்பலில் போனிலேயே படமாகப் பார்த்துக்கொள்ளலாம். சின்னதில் எல்லாப் பயணிகளும் மேல்தளத்துக்கு வந்து வரிசையில் நிற்கவேண்டும், அதிகாரி எண்ணுவார். அந்தப் பழங்காலத்துத் தொந்தரவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரையும் யோசிக்காமல் வாசித்துவிட்டேன்.

பெரியம்மா என் கையைப் பிடித்தாள். "என்ன சொன்ன? கப்பல்ல மஸ்டரா?" என்றாள். ஆமாம் என்றேன். கதவு, படி, ஏ.சி. எல்லாம் அந்த நொடியில் ஒன்றுமில்லாமல் போயின. "சின்னது மதி" என்றாள். மலையாளத்து மதி எங்கள் பேச்சில் எப்போதோ குடியேறிவிட்ட சொல். போதும் என்பதோடு, இனி பேச்சில்லை என்பதும் அதில் உண்டு. அந்த மஸ்டரை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் டிக்கெட் போட்டேன். துணைக்கு நானும் போனேன்.

கப்பல் கிளம்புவதற்கு முன் சங்கு ஊதி, எல்லோரையும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டோடு ஜனங்கள் ஒருவரையொருவர் போட்டோ எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா வரிசையில் நிற்கவில்லை. நேராகப் போய் வெள்ளைச் சட்டை அதிகாரியின் பக்கத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வரிசை, வரிசை" என்றார். வருஷக்கணக்கில் நான் கேட்காத குரல் அது. அதிகாரி என்ன நினைத்தாரோ, வழிவிட்டு நின்றார். பெரியப்பா குச்சி இல்லாத வெறுங்கையை நீட்டி ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு வந்து பெரியம்மாவின் முன்னால் நின்றார். "நேத்து வந்தியா?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன் அவருடைய மஸ்டரில் நின்று காய் எடுக்கப் போனவள் அவள். "வந்தேங்கய்யா" என்றாள், அந்தக் காலத்துப் பெண்ணாகவே. "சரி, நில்லு" என்று அடுத்த ஆளுக்குப் போனார். பொண்டாட்டி என்று தெரியாவிட்டாலும் தன் ஆள் என்று தெரிந்துவிட்டதே என்று கீழே கேபினுக்கு வந்து அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன் என்று சொல்லி, எட்டு மணிக்கே படுத்துவிட்டாள்.

தோட்டத்தில் மஸ்டர் என்றால் தினமும்தான். கப்பலில் அது முதல் நாள் ஒரு தடவை மட்டும். இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் விடியலில் பெரியப்பா மேல்தளத்துக்குப் போனபோது, தளம் கழுவுகிற இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அவர் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி ஒவ்வொரு கேபின் கதவாகத் தட்டத் தொடங்கினார். தூக்கம் கலைந்தவர்கள் திட்டினார்கள், ஒருவர் அவரைப் பிடித்துத் தள்ளவும் செய்தார். பெரியம்மா என்னிடம், "மஸ்டர் எத்தன மணிக்குடி?" என்று கேட்டாள். அது நேற்றோடு சரி, இனி கிடையாது என்று சொன்னேன். அவள் முகத்தில் அப்போது தெரிந்ததை என்னால் எழுத முடியாது. அலமாரியிலிருந்து லைஃப் ஜாக்கெட்டை எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். அவரைத் தாண்டிப் படியேறி, அந்த ஈரத் தளத்தில் தனியாக நின்றாள்.

அவர் வந்து எண்ணினார். ஒன்று. "மத்தவங்க எங்க?" என்றார். வந்துகொண்டிருக்கிறார்கள் என்றாள். அவரும் நம்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். "டூரிஸ்ட் ஆளுக தள்ளி நில்லுங்க" என்று என்னை விலக்கினார். வெயில் ஏறும்வரை அவள் நின்றாள், அவர் எங்கேயும் போகவில்லை. அடுத்த இரண்டு விடியலும் அப்படியே. கொச்சியில் இறங்கும்போது, "தூங்கலேன்னாலும் வழி ஒண்ணு தெரிஞ்சுச்சு" என்றாள்.

அந்த வழியில்தான் இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். அந்தச் சின்னக் கப்பலை நிறுத்திவிட்டார்கள். இப்போது கொச்சியிலிருந்து பெரியது மட்டும் போகிறது, நானே வாரத்துக்கு நான்கு பேருக்காவது டிக்கெட் போடுகிறேன். பெரியதைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காத நாள் இல்லை. தொலைந்துபோய்க் கேமராவில் கிடைத்திருப்பார், அவள் மூன்று நாள் தூங்கியிருப்பாள், இந்த வழி தெரிந்தே இருக்காது. ஆனால் யானையிடமிருந்து அவரைக் காப்பாற்றியது இந்த வழிதான் என்பதும் உண்மை. அவருக்கு முன்னால் எழுந்து வீட்டு முற்றத்தில் வரிசை கட்டி நிற்கிறாள், ஒற்றை ஆளாக. அவர் எண்ணிவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறார். வெயில் வந்ததும் எதற்காக நிற்கிறோம் என்பது அவருக்கு மறந்துபோகிறது, உள்ளே போய்க் காப்பி கேட்கிறார். அவளுக்குப் பதிலாக நான் ஒருநாள் நின்று பார்த்தேன், மகளும் நின்று பார்த்தாள். எங்களை ஒதுக்கிவிட்டுக் காட்டுப் பாதையில் இறங்கிவிட்டார். அவருடைய மஸ்டரில் இப்போது பெயர் உள்ளவள் அவள் ஒருத்திதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தேன். சாரல் பிடித்திருந்தது. பெரியம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். போகாதே என்று நான் எவ்வளவோ சொல்லியும், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றாள். நான் அடுப்படி சன்னலிலிருந்து பார்த்தேன். பெரியப்பா வந்து எண்ணினார். அவள் முன்னால் நின்று முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஒடம்புக்கு முடியலையா?"

"ஆமாங்கய்யா."

"அப்பறம் ஏன் வந்த? போய்ப் படு. இன்னைக்கு ஒனக்கு லீவு."

அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். இரண்டு அடி வைத்தாள். நின்றாள். திரும்பிப் போய், பழைய இடத்திலேயே சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"மத்த ஆளுக வந்ததும் போறேங்கய்யா" என்றாள்.