மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்பவர்

என் மாமனாருக்கு ஒரு பழக்கம். மாப்பிள்ளை அறைக்குள் வந்தால் எழுந்து நின்றுவிடுவார். அந்த மரியாதைக்கு ஏற்ற எதையும் நான் செய்ததாக நினைவில்லை.

மாமியார் காலமான பிறகு ஊரைவிட்டு, வளைகுடாவில் சத்வா பகுதியிலிருந்த எங்கள் ஃபிளாட்டுக்கே வந்துவிட்டார். குடலில் கட்டி என்று தெரிந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். சிரமப்படுகிறாரே என்று, "உட்காருங்க மாமா, உட்காருங்க" என்று தடுத்துத் தடுத்து, அவர் எழுவதையே நிறுத்தியிருந்தேன். காபி, பேப்பர், ரிமோட் எல்லாம் சோபாவுக்கே போயின. கவனிப்பு என்றால் அதுதான் என்று நானும் மனைவியும் நினைத்திருந்தோம்.

சர்ஜன் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கை ஊன்றாமல் எழச் சொன்னார். முடியவில்லை. இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காது, சில வாரங்களில் தேற்றிக் கொண்டுவாருங்கள், அதற்கு மேல் கட்டி காத்திருக்காது என்றார்.

பிசியோதெரபி பார்த்த மலையாளிப் பெண் சொன்ன முக்கியமான பயிற்சி, உட்கார்ந்து எழுவது. நாள் முழுக்க, முடிகிறபோதெல்லாம். சாப்பாட்டில் பயறும் பனீரும் அதிகம் வேண்டும்.

பனீரைச் சகித்துக்கொண்டவர் பயிற்சிக்கு மசியவில்லை. "காரணமே இல்லாம எதுக்கும்மா எந்திரிக்கணும்?" என்று மகளிடம் சலித்துக்கொண்டார். அவள் அறைக்கு வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க உள்ள போங்க. உட்காருங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

போனேன். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நடுங்கியபடி எழுந்தார்.

ஆபீஸில் கெஞ்சி, வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். சார்ஜரைத் தேடி உள்ளே போனேன். கண்ணாடியைத் தேடிப் போனேன்; அது மூக்கிலேயே இருந்தது. இத்தனை வருட உத்தியோகத்தில் ஒருவரும் எனக்காக எழுந்ததில்லை. வீட்டில் மந்திரி போல வலம்வந்தேன். அவர் கால் நடுங்குவதைப் பார்க்காமலிருக்க அலமாரியைப் பார்த்துக்கொள்வேன்.

"என்ன மாப்பிள்ளை, ஆபீஸ்ல வேலையே குடுக்கறதில்லையா?" என்றார் ஒருநாள்.

"வரக்கூடாதா மாமா?"

"ஐயோ, வாங்க." கும்பிட்டுக்கொண்டே எழுந்தார். இரண்டு கையும் மார்பருகே இருந்தன. சோபாவைத் தொடவில்லை.

சர்ஜன் முன்னாலும் அப்படியே எழுந்தார். நாள் குறித்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஐசியூவில் ஒவ்வொருவராக அனுமதித்தார்கள். குழாய்களுக்கு நடுவே கண்மூடிக் கிடந்தார். மாமா என்றேன். கண் திறக்கவில்லை. போர்வைக்குள் கால்கள் மட்டும் மெல்ல நகர்ந்தன, தரையைத் தேடுவதுபோல.

உட்காருங்க என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். வெளியே போய், மறுபடி உள்ளே வந்தேன்.