எண்பது வருட நடுக்கம்

மக்களே, இன்று எண்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பயத்தைக் காதாலேயே கேட்டேன்!

தோழி கோதைக்கு இன்று புத்தூரில், இசைப் படிப்பில் சேருவதற்கான குரல் தேர்வு. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும்போதே அவள் கை சில்லிட்டுக் கிடந்தது.

"வாயெல்லாம் காஞ்சு போச்சுடி. காலைல இட்லிகூட இறங்கல. அம்மா மண்டபம் ஸ்டாப்புலயே இறங்கிடறேன்."

"உக்காருடி சும்மா!"

நம் பழைய பாட்டுக் குழுவில் யாரோ ஏற்றியிருந்த நாற்பதுகளின் இசைத்தட்டுப் பாட்டைப் போட்டு, இயர்போனில் ஒன்றை அவள் காதிலும் மற்றதை என் காதிலும் மாட்டினேன். அந்தக் காலத்தில் வெட்டி ஒட்ட வழியில்லை. பாடியது பாடியதுதான்.

முதல் வரியிலேயே, பாடும் அம்மாவின் குரல் நடுங்குகிறது. தாளத்தை முந்திக்கொண்டு ஓடுகிறார். வயலின்காரர் பாவம், துரத்துகிறார்.

"ஏய், இவங்களுக்கும் படபடப்புடி!"

"நெஞ்சு ஓடினா தாளமும் ஓடும். மேல கேளு."

அடுத்த வரிக்கு முன்னால் ஒரு நீண்ட மூச்சு, தட்டின் இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. பிறகு தாளம் நிதானத்துக்கு வந்தது. குரலில் நடுக்கம் மிச்சம் இருந்தது. அதோடேயே மேல் ஸ்தாயிக்கு ஏறிவிட்டார்!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"நடுக்கம் போகவே இல்லடி, ஆனா பாடிட்டாங்க," என்றாள் கோதை. பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியிருந்தது.

தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம் ஓடினேன்.

"எப்படிடி பாடினே?"

"தெரியலடி. பயங்கரமா பசிக்குது. ரெண்டு பொங்கல் சொல்லு."

பயம் இறங்கியதும் பசி எடுப்பது இவளுக்கு மட்டும்தானா? நடுங்கிக்கொண்டே எதையாவது செய்து முடித்தவர்கள் எல்லாம் கீழே கமெண்டில் வந்து சொல்லுங்கள், அப்புறம் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து.