அவள் பச்சை பூசிய மேடு

படக்காரி என்ற பெயர் முதலில் காதில் விழுந்தது அவளுடைய அக்காள் புருஷன், அத்தான் வாயிலிருந்துதான். "நாள் முழுக்க உக்காந்து படம் பாக்கறதுக்குச் சம்பளமாம்!" என்று சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த இடத்தில் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து உறவு முழுக்க அவள் படக்காரி.

அவள் பார்த்தது மலைப் படங்கள், வானத்திலிருந்து எடுத்தவை. முன்பு மண் சரிந்த இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. உறுதியான நிலத்துக்குப் பச்சை. அந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான், அடுத்து எந்தச் சரிவு இறங்கும் என்று கணிக்கக் கம்ப்யூட்டர் பழகியது. 'கண்ணில் படுவதைக் குறி, உனக்குத் தெரிந்ததைக் குறிக்காதே' என்று மேலதிகாரி அம்மாள் முதல் நாளே சொல்லியிருந்தார்.

நாலு நாளாக மழை விடவில்லை. ஐந்தாம் நாள் காலை அக்காள் போனில் எதையோ பேசிக்கொண்டே, "கதவு வேற சாத்த மாட்டேங்குதுடி. உங்கத்தான் கதவைச் சீவ இழைப்புளியைத் தூக்கிட்டு நிக்கிறாரு" என்றாள்.

மலைச்சரிவு நகரத் தொடங்கினால் வீட்டுச் சட்டம் கோணி முதலில் கதவுதான் இறுகும் என்று படக்காரி அலுவலகத்தில் கேட்டிருந்தாள். ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அபாய வரைபடத்தைத் திறந்தாள். அக்காள் வீட்டுக்கு மேலே பச்சை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். ஆனாலும் மனசு கேட்காமல் பழைய படத்தை எடுத்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு நேர் மேலே, கிண்ணம்போலக் குழிந்து, ஒரு மரமும் இல்லாத புல்மேடு. அவளும் அக்காளும் சறுக்கி விளையாடிய மேடு. பச்சை போட்டவள் அவளேதான், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். அதை நம்பித்தான் கம்ப்யூட்டரும் வரைபடத்தில் பச்சை காட்டியது. வெளியூர்க்காரி பார்த்திருந்தால் பழைய சரிவின் தழும்பு என்று சிவப்பைப் போட்டிருப்பாள்.

உடனே அக்காளுக்குத் திரும்பப் போன் போட்டாள்.

"அக்கா, பிள்ளைங்களைக் கூட்டிட்டு உடனே வெளிய வா. ஒண்ணும் எடுக்காதே."

அத்தான் போனைப் பிடுங்கினார். "என்ன படக்காரி, பூச்சாண்டி காட்டுறே? உங்க ஆபீஸ் படம் என் போன்லயும் இருக்கு. நம்ம வீடு பச்சையிலதான் இருக்கு."

"அந்தப் பச்சையைப் போட்டதே நான்தான் அத்தான். தெரிஞ்ச இடம்னு கண்ணை மூடிட்டுப் போட்டுட்டேன். தப்பு. கால்ல விழறேன், கெளம்புங்க."

மறுமுனையில் அத்தானின் குரல் உயர்ந்தது, அவளிடம் அல்ல: "எல்லாரும் செருப்பைப் போடுங்க. ம், கெளம்பு!"

அவள் மேலதிகாரியிடம் ஓடினாள். "என் வேலை போனாப் போகட்டும்மா. அந்தத் தெருவுக்கே சொல்லணும்." அந்த அம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை, பேரிடர் மீட்புக்காரர்களுக்குப் போனைப் போட்டார்.

அதன் பிறகு அக்காள் போன் கிடைக்கவே இல்லை. படக்காரி நாற்காலியில் உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மத்தியானம் மேடு இறங்கிற்று. அக்காள் வீட்டின் கூரைகூட மிஞ்சவில்லை. தெரு ஜனம் மொத்தமும் பள்ளிக்கூடத்தில் நனைந்துபோய் நின்றது. அத்தான் கையில் அந்த இழைப்புளி அப்படியே இருந்தது.

அக்காள் குடும்பம் இப்போது படக்காரியின் இரண்டு அறை வீட்டில் இருக்கிறது. அவள் அதே அலுவலகத்தில், ஜன்னலோர மேசையில்தான் வேலை செய்கிறாள். சொந்த ஊர்ப் படம் வந்தால் மட்டும் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிடுகிறாள்.