நூறு அட்டைகளும் இரண்டு லாட் உறைகளும்

மகள் விளையாடும் அட்டை விளையாட்டில் ஒரு கட்டுக்கு நூறு அட்டைகள். அதில் நாற்பது, ஒன்றுபோலவே இருக்கும் சக்தி அட்டைகள். மற்றவை ஒவ்வொன்றும் வேறு வேறு. கலைத்துக் கலைத்து ஓரம் தேய்ந்துவிடும் என்பதால் ஒவ்வோர் அட்டைக்கும் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை போட வேண்டும். உறையின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். முதுகு ஒரே நிறமாக இருக்க வேண்டும். இதை அவள் தெளிவாகத்தான் சொன்னாள். நான்தான் என் வேலைக்குத் தகுந்தபடி கேட்டுக்கொண்டேன்.

கோவையில் ஞாயிற்றுக்கிழமை போட்டி. அதில் முதல் எட்டு பேருக்குள் வந்தால் பெங்களூருக்குப் போகலாம். ஒரு வருடமாக அதற்காகத்தான் பழகினாள். அந்த வாரம் கல்லூரியில் லேப் பரீட்சை வந்துவிட்டதால், உறை தேர்ந்தெடுப்பதையும் போடுவதையும் என்னிடம் விட்டாள்.

பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் இரண்டும் என் பொறுப்பு. பாலிதீன் கவரைத் தொட்டாலே தடிமன் தெரியும். ஐந்தாறு வகை உறைகளை வரவழைத்துப் பார்த்தேன். பளபளப்பானது நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டியது. மெல்லியது ஒட்டு விட்டுப் பிரிந்தது. பச்சை நிறத்தில் ஒரு தடித்த ரகம் வந்தது. அதைக் கலைத்துப் பார்த்த மகள், கைக்குள் அடங்கவில்லை என்று தள்ளிவிட்டாள். கடைசியில் வழுக்காத மேட் ரகம், முதுகு நேவி நீலம் என்று முடிவானது. எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு இதெல்லாம் வேடிக்கை. “ஏனுங்க, பொண்ணு சீட்டாடறதுக்கு நீங்களே கவர் போட்டுக் குடுக்கறீங்களா? அப்புறம் ஸ்டேஷன்ல போய்க் கூட்டிட்டு வரோணுமுங்க” என்றார்.

ஒரு பாக்கெட்டில் அறுபது உறைகள்தான். இரண்டு வாங்கினேன். நேவி என்றாலே எங்களுக்கு ஒரு பயம் உண்டு. ஒரே சாயம், ஒரே அளவு போட்டாலும் ஒரு லாட், அதாவது ஒரு தடவையில் சாயம் போட்ட சரக்கு, சிவப்படிக்கும், அடுத்த லாட் பச்சையடிக்கும். ஷேடு பார்க்க கம்பெனியில் வைத்திருக்கும் லைட் பெட்டிக்குள் இரண்டு பாக்கெட்டையும் பிரித்து வைத்தேன். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். ட்யூப் லைட்டுக்கு மாற்றியதும் ஒரு பாக்கெட் லேசாகச் சிவப்படித்தது.

லாட் கலப்பது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். டீசர்ட்டின் உடம்பு ஒரு லாட், கை ஒரு லாட் என்று போய்விட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் சக்தி அட்டைகளுக்கெல்லாம் சிவப்படித்த உறையைப் போட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொரு லாட். ஓர் உறைகூட மாறவில்லை.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். தாடி வைத்த இளைஞர் ஒருவர்தான் நடுவர். எந்த மேசையின் கட்டையும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் சோதிப்போம், உறையில் அடையாளம் இருந்தால் அத்தோடு வெளியே என்று மைக்கில் சொன்னார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தைரியமாகச் சொன்னேன்.

“பயப்படாத கண்ணு. ஒண்ணும் கலக்கல. சக்திக்கெல்லாம் ஒரு லாட், மத்ததுக்கெல்லாம் ஒரு லாட்.”

சுவரோரம் இருந்த மேசையில் பத்துப் பன்னிரண்டு அட்டைகளைக் குப்புறப் பரப்பினாள். மேலே ட்யூப் லைட். எது எது என்று காட்டச் சொன்னாள். நான் ஒவ்வொன்றாக விரல் வைத்தேன். இது சக்தி, இது இல்லை, இது சக்தி. அவள் பின்னாலேயே புரட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றும் தப்பவில்லை. நாலாவது அட்டையில் என் விரல் நின்றுவிட்டது. நான் செய்து வைத்திருப்பது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. பிடிபட்டால் வெளியே அனுப்புவது மட்டுமில்லை, ஏமாற்றுக்காரி என்ற பெயரோடு அனுப்புவார்கள்.

குரலைத் தாழ்த்தி அவளிடம் சொன்னேன். லைட் பெட்டியில் பழகிய கண்ணுக்குத்தான் இது தெரியும், இங்கே யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பேசாமல் போய் உட்கார் என்று.

“யாருக்கும் தெரியாட்டிப் போகுதும்மா. எனக்குத் தெரிஞ்சிருச்சில்ல. இனி அடுத்த அட்டை என்னன்னு பார்க்காம நான் எப்படி எடுக்கறது?”

வாசலில் ஒருவர் உறைகளும் பெட்டிகளும் விற்றுக்கொண்டிருந்தார். நேவி இல்லீங்க, கருப்பும் முடிஞ்சிருச்சுங்க என்றார். இருந்தது அந்தத் தடித்த பச்சை மட்டும். பாக்கெட்டின் பின்னால் லாட் நம்பர் பார்த்தேன். எடுத்த இரண்டிலும் வேறு வேறு. பெட்டியை அப்படியே கொட்டச் சொன்னதும் அவர் முகம் சுளித்தார். கிளறி, ஒரே நம்பரில் இரண்டு பாக்கெட் எடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன், உள்ளே ஓடி ட்யூப் லைட்டிலும் பார்த்தேன். ஒன்றாகத்தான் இருந்தன.

மகள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் பழைய உறையிலிருந்து உருவிக் கொடுக்க, அவள் புதியதில் செருகினாள். உள்ளே மைக்கில் மேசை மேசையாகப் பெயர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வியர்வையில் அவள் விரல் வழுக்கியது. என் முந்தானையை இழுத்துத் துடைத்துக்கொண்டாள். என் கை பழக்கத்தில் சக்தி அட்டைகளைத் தனியாக ஒதுக்க ஆரம்பித்திருந்தது.

“அடுக்காதம்மா. வர்றத வர்ற மாதிரி குடு.”

அவள் பெயரை வாசித்தபோது இன்னும் ஒரு கை அட்டைகள் பாக்கி. இரண்டாம் முறை வாசித்தபோது கடைசி அட்டை உள்ளே போனது. புது உறையில் கட்டு தடித்து, பெட்டிக்குள் நுழையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

நடுவர் நேராக அவள் மேசைக்குத்தான் போனார். புது உறையைப் பார்த்து ஏதோ கேட்டார். வேடிக்கை பார்ப்பவர்களைத் தள்ளி நிறுத்தக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்கவில்லை. அவள் பேசினாள், நடுவில் என்னைக் கை காட்டினாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கட்டைக் குப்புறப் பரப்பி, சாய்த்து, விளக்குக்கு நேராகப் பிடித்து, ஓரங்களில் கட்டைவிரலை ஓட்டினார். நடுநடுவே சிலதை உருவித் திருப்பிப் பார்த்தார். கட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கமாக வந்தார்.

“திருப்பூருங்களா?”

“ஆமாங்க.”

தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அவளுக்குக் கலைப்பது சிரமமாகத்தான் இருந்தது. கட்டை இரண்டாகப் பிரித்துத்தான் கலைக்க முடிந்தது. எதிரில் இருந்த பையன் வெட்டி வைத்தான். அவள் மேலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். நான் கயிற்றின் மேல் எட்டி அதன் முதுகைப் பார்த்தேன். பச்சை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.