ரிஸ்தா ப்ரெலிச் சொல்லாத பெயர்

ஸ்தாமெனாவின் கல்லறையில் 'எல்லாரையும் மன்னித்தவள்' என்று யாரோ செதுக்கி வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரைக் கேட்டுச் செதுக்கினார்களோ தெரியவில்லை. நான் முப்பத்தாறு வருடம் ஷாபாட்ஸ் ஊர்த் தேவாலயத்தில் மணி அடித்தவன், மெழுகுவர்த்தி விற்றவன், ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் காய்ச்சியவன். பெயர் பந்தா. இந்த ஊரில் யார் யாரை மன்னித்தார்கள், யார் மன்னித்த மாதிரி நடித்தார்கள் என்று பாதிரியாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்தாமெனா ஒருத்தனை மன்னிக்கவே இல்லை. மன்னிக்காமல் இருந்ததுதான் அவள் செய்த உருப்படியான காரியம் என்பேன். பாதிரியார் காதில் விழுந்தால் விழட்டும்.

அவளுக்குப் பதின்மூன்று வயதில் காலராவில் அம்மா அப்பா இரண்டு பேரும் போனார்கள். பத்து வயதுத் தம்பி தனாசியே அவள் கையில். பஞ்சுப் போர்வை தைத்துப் பிழைத்தாள். சாவா நதிக்கரையில் குளிர் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், அதனால் போர்வைக்குக் குறைவில்லை. விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. அந்த விரலால்தான் தம்பியை வியன்னா வரைக்கும் படிக்க அனுப்பினாள். நடுவில் ஒரு சேணக்காரனைக் கல்யாணம் செய்தாள், அவனும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். அழுது முடித்துவிட்டு மறுபடி ஊசியை எடுத்தாள்.

தனாசியே படித்துவிட்டு வந்து என்ன செய்தான் தெரியுமா? பெல்கிரேடில் உட்கார்ந்து சாப்பிடாமல் ஊர் ஊராக நடந்தான். பதினான்கு வருடம். அண்ணன் தம்பி பிரிந்தால் பிளம் தோப்பு யாருக்கு, பக்கத்து வீட்டுப் பன்றி சோளத்தை மேய்ந்தால் யார் அழ வேண்டும், விதவை மறுபடி கட்டினால் ஆடு யாரோடு போகும் என்று கிழவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினான். 'பன்றி வக்கீல்' என்று ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களே தகராறு வந்தால் அவனைத் தேடி ஓடினார்கள். கடைசியில் அரசாங்கம் அவனைக் கூப்பிட்டு ஆலோசனைச் சபையில் உட்கார வைத்தது. கிராமத்துக்கான சட்டங்களில் பாதி அவன் கை எழுதியது. இன்றைக்கு எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டாலும் தனாசியே ரதோயிச் யாரென்று தெரியாது.

ஏன் தெரியாது என்றால், அதற்கு ரிஸ்தா ப்ரெலிச் காரணம்.

ரிஸ்தா மாட்டு வியாபாரி மகன். மூன்று தலைமுறையாக ப்ரெலிச் வீட்டுக்கு ரதோயிச் வீடுதான் 'கும்'. கல்யாணத்தில் சாட்சி நிற்பதும், பிறக்கிற குழந்தையை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்துவதும், அதற்குப் பெயர் வைப்பதும் கும் வீட்டுக்காரர்தான். பெற்றவர்கள்கூட அந்தப் பெயரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். எங்கள் ஊரில் சொந்த ரத்தத்தோடு சண்டை போடலாம். கும்மோடு போட்டால் ஏழு தலைமுறைக்கு விளங்காது. ரிஸ்தாவின் கல்யாணத்தில் தனாசியே நின்றான். அவன் மகன் வோயினை ஏந்திப் பெயர் வைத்ததும் தனாசியேதான். சபையில் ரிஸ்தாவுக்கு எழுத்தர் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவனேதான்.

அரசாங்கம் மாறியது. தனாசியேவுக்கு வியன்னாவிலிருந்து வந்த கடிதங்களை ரிஸ்தா பொறுக்கியெடுத்து, உளவு என்று எழுதிக் கொடுத்தான். கடிதங்களில் இருந்தது எல்லாம் பன்றியும் பிளம் தோப்பும்தான். ஆனால் ஜெர்மன் மொழியில் இருந்தன, போதாதா! தனாசியேயைத் துரத்தினார்கள். 'பரிசோதனைக்கு' என்று நான்கு பெட்டி நோட்டுப் புத்தகங்களை அள்ளிப் போனார்கள். சபை உறுப்பினர் பட்டியலில் அவன் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு. பத்திரிகையில், பாடப் புத்தகத்தில், எங்கேயும் அந்தப் பெயர் வரக்கூடாது என்று, புது அரசாங்கத்தில் செல்வாக்குப் பெற்ற ரிஸ்தா வாய்மொழியாகவே ஏற்பாடு செய்தான். ஆள் உயிரோடிருக்கும்போதே பெயரைப் புதைத்தார்கள்.

தனாசியே அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இரண்டு வருடம் கழித்துத் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. தடித்த அட்டை, பொன் எழுத்து. 'கிராம வழக்கங்கள், தொகுத்தவர் ரிஸ்தா ப்ரெலிச்.' தனாசியே அதை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தான். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். கத்துவான், கிழிப்பான் என்று நினைத்தேன். பென்சிலை எடுத்து அச்சுப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தான்.

"சோளம்னு நான் எழுதினதைப் பார்லின்னு போட்டிருக்கான் பந்தா. திருடினவன் ஒழுங்காத் திருடக் கூடாதா?" என்றான்.

அந்தக் குளிர்காலம் தாண்டவில்லை. சவ அடக்கத்துக்கு வந்தது மூன்று பேர்: பாதிரியார், ஸ்தாமெனா, நான். நாலாவதாக வேலிக்கு வெளியே ஒரு போலீஸ்காரன் நின்று, யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். கும் சாவுக்குக் கும் வராமல் இருந்ததை நான் அதற்கு முன்னால் கேள்விப்பட்டதே இல்லை. ரிஸ்தா வரவில்லை, ஒரு வரி எழுதவும் இல்லை. சாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற வேகவைத்த கோதுமையை ஸ்தாமெனா எனக்கு ஒரு கரண்டி, போலீஸ்காரனுக்கு ஒரு கரண்டி கொடுத்தாள். அவன் வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டான். பிறகு என்னிடம் சொன்னாள்.

"அவன் சாகணும்னு நான் வேண்ட மாட்டேன் பந்தா. எந்த வாய் என் தம்பி பேரைத் தின்னுச்சோ, அந்த வாயாலேயே அந்தப் பேரைக் கக்க வைக்கணும். ஊர் நடுவுல, எல்லாரும் கேக்க. அது வரைக்கும் நான் சாக மாட்டேன்."

அழவில்லை. பதினோரு வருடம் அதையே மென்றுகொண்டிருந்தாள். ரிஸ்தா அமைச்சர் ஆனான். வயிறு வைத்தது, தங்கச் சங்கிலி வந்தது. பேச்சில் எங்கேயாவது பழைய சபையைப் பற்றி வந்தால் 'அந்த மனிதர்' என்பானாம், அதற்கு மேல் போக மாட்டானாம்.

அவன் மகன் வோயின் எங்கள் ஊருக்கே அதிகாரியாக வந்தான். வோயினின் மனைவி யூலாவுக்குப் பிறந்த முதல் இரண்டு குழந்தைகளுக்கும் ரிஸ்தா, ரதோயிச் வீட்டை ஒரு வார்த்தை கேட்காமல், பெல்கிரேடிலிருந்து ஒரு தளபதியைக் கும்மாகக் கொண்டு வந்தான். இரண்டும் நாற்பது நாள் தாண்டவில்லை. காய்ச்சல்தான், வேறென்ன. ஆனால் ஊர் காய்ச்சல் என்றா சொல்லும்? கும்மை மாற்றினால் ஞானஸ்நானத் தண்ணீரே கொல்லும் என்றது. பெல்கிரேடுக்கு ரயில் வந்த வருடம் மூன்றாவது பிறந்தது, கோழிக்குஞ்சு மாதிரி ஒரு பையன். யூலா கதவைச் சாத்திக்கொண்டாளாம். உரிமையுள்ள கும் வராமல் இந்தப் பிள்ளையைத் தேவாலயத்துக்கு அனுப்ப மாட்டேன், அமைச்சராவது மண்ணாவது என்று மாமனாருக்குச் சொல்லி அனுப்பினாளாம்.

ரதோயிச் வீட்டில் மிச்சமிருந்தது ஸ்தாமெனா ஒருத்திதான். ஆண் இல்லாத வீட்டில் பெண் ஏந்தலாம். ஆனால் போய்க் கூப்பிட வேண்டியது குழந்தை வீட்டுப் பெரியவர். ரிஸ்தாவே வர வேண்டும்.

வந்தான். வண்டியைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான், ஆள் பார்க்கக் கூடாதாம். ஸ்தாமெனா என்னைச் சாட்சிக்கு உட்கார வைத்திருந்தாள். ரக்கியா ஊற்றி வைத்தாள், பிளம் பழத்தில் வடித்த அவள் கைச்சரக்கு. அவன் தொடவில்லை. குழந்தை பலவீனமாக இருக்கிறது, பழையதையெல்லாம் மறந்துவிடலாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து ஏந்த வேண்டும் என்று அரசாங்க அறிக்கை மாதிரிச் சொன்னான். ஏந்துகிறேன் என்றாள். பிறகு அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மூன்று நல்ல பெயர்கள் எழுதியிருந்ததாம். அவள் தாளை வாங்கவில்லை.

"உன் புத்தகத்துல நூத்திப் பதினேழாம் பக்கம் பாரு ரிஸ்தா. பேர் வைக்கிறது கும்மோட உரிமை, அதை மாத்தப் பெத்தவங்களுக்கும் அதிகாரமில்ல, அரசனுக்கும் அதிகாரமில்லன்னு போட்டிருக்கு. நீதானே எழுதினே?"

ரிஸ்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெந்த பீட்ரூட் தோற்றது. 'நான் எழுதவில்லை' என்றால் திருடன், 'எழுதினேன்' என்றால் கட்டுப்பட வேண்டும். தாளை மடித்துப் பையில் போட்டான்.

"அக்கா, எந்தப் பேர் வேணும்னாலும் வைங்க. அது மட்டும் வேண்டாம்," என்றான்.

"எது?"

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு வயசாச்சு. நீயே சொல்லு. எந்தப் பேர் வேண்டாம்னு உன் வாயால ஒரு தடவை சொல்லிடு. சத்தியமா அதை வைக்க மாட்டேன். ஊரைக் கூப்பிடுறேன், அவங்க முன்னாடி சொல்லு, போதும்."

நானும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு மலிவாக விட்டுவிடுகிறாளே என்று ஆத்திரமாக வந்தது. நான்கு எழுத்து. சொல்லிவிட்டால் அவன் வீட்டுக்கு அந்தப் பெயர் வராது. வேறொருத்தனாக இருந்தால் கக்கிவிட்டு ஓடியிருப்பான். ரிஸ்தா வாயைத் திறந்தான், மூடினான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அகம்பாவத்தைப் பாருங்கள். சாகிற வரை அந்தப் பெயரோடு குடித்தனம் நடத்துவானாம், வாயால் சொல்ல மாட்டானாம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் நெரிந்தது. நான் தண்ணீரைக் கைபொறுக்கிற சூட்டுக்குக் காய்ச்சி ஊற்றினேன். குழந்தையை ஏந்துகிறவர் மேற்கே திரும்பிச் சாத்தானைக் கைவிடுகிறேன் என்று மூன்று முறை சொல்லி, மேற்கே துப்ப வேண்டும், அது முறை. மேற்கு வாசலோரம் யார் நின்றது? ரிஸ்தா. கூட்டத்தில் அவனுக்கு அங்கேதான் இடம் கிடைத்தது. ஸ்தாமெனா நிதானமாகக் குறி பார்த்துத் துப்பினாள். நான் மெழுகுவர்த்தியைச் சரி செய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன், சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பாதிரியார் பெயர் கேட்டார்.

"தனாசியே," என்றாள். மூன்று முறை கேட்பது வழக்கம். மூன்று முறையும் கடைசி வரிசைக்குக் கேட்கச் சொன்னாள்.

பதினோரு வருடம் ஊரில் யாரும் சத்தமாகச் சொல்லாத பெயர். யாரோ ஒரு கிழவர் பின்னால் சிலுவை போட்டுக்கொண்டார். யூலா தன் பிள்ளையை வாங்கி, அதே பெயரைச் சொல்லி முத்தமிட்டாள். அவளுக்கு வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை, பிள்ளை பிழைத்தால் போதும். பையனும் பிழைத்தான், கன்னம் வைத்தான், கல் மாதிரி ஆனான்.

ஆனால் ரிஸ்தா சும்மா இருப்பானா? அடுத்த தேர்தலில் பதவி போய், மகன் வீட்டோடு வந்து தங்கினான். பேரன் என்றால் உயிர். தோளில் தூக்கிக்கொண்டே திரிவான். ஆனால் கூப்பிடும்போது மட்டும் 'குட்டி', 'சிங்கம்', 'என் அப்பனே'. நான்கு வருடம் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லவில்லை. வேலைக்காரியிடம்கூட 'அவனுக்குப் பால் கொடு' என்பானாம். ஸ்தாமெனா வெள்ளிக்கிழமைதோறும் சந்தைக்குப் போவாள், அவன் பின்னாலேயே கடை கடையாக நிற்பாள், காதைத் தீட்டிக்கொண்டு. ஒன்றும் விழாது. வீட்டுக்கு வந்து என்னிடம் திட்டித் தீர்ப்பாள். அறுபத்தாறு வயதாகிவிட்டது, இருமல் வந்துவிட்டது, இவன் என்னைக் கொன்றுவிட்டுத்தான் ஓய்வான் என்பாள். எனக்கும் நம்பிக்கை போய்விட்டது.

மிளகாய்ச் சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை. சிவப்பு மிளகாய் மூட்டைகள் சந்தை முழுக்க. நான் ஸ்தாமெனாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ரிஸ்தா எதிர்க் கடையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். பையன் கையை உருவிக்கொண்டு தெரு நடுவில் ஒரு புறாவின் பின்னால் ஓடினான். மேட்டிலிருந்து பீப்பாய் ஏற்றிய வண்டி ஒன்று கட்டுக்கடங்காமல் இறங்கியது, குதிரை மிரண்டிருந்தது. வண்டிக்காரன் கத்துகிறான். பையன் திரும்பவில்லை.

ரிஸ்தா முதலில் 'குட்டி' என்று கத்தினான். சந்தையில் எத்தனை குட்டி! பையன் காதிலேயே வாங்கவில்லை. 'சிங்கமே' என்றான். பையன் புறாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தனாசியே!"

தொண்டை கிழிந்த குரல். பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். "தனாசியே! தனாசியே!" பையன் சட்டென்று நின்று திரும்பி, தாத்தாவை நோக்கி ஓடி வந்தான். வண்டி அவன் நின்ற இடத்தில் ஏறிப் போய்ச் சுவரில் மோதியது. பீப்பாய் உடைந்து தெருவெல்லாம் வினிகர்.

ரிஸ்தா மண்ணில் முட்டி போட்டுப் பையனைக் கட்டிக்கொண்டிருந்தான். தொப்பி விழுந்துவிட்டது. அழுதான், சத்தமாக அழுதான், நான் பொய் சொல்லவில்லை. எனக்கேகூட ஒரு கணம் மனசு இளகியது. சந்தை அப்படியே நின்றது. யார் பெயரைக் கூப்பிட்டான் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஸ்தாமெனா வினிகரை மிதித்துக்கொண்டு அவனிடம் போனாள். முதலில் பையனின் கை கால்களைத் தடவிப் பார்த்தாள், ஒரு கீறல் இல்லை. அவன் தலையில் முத்தமிட்டாள். பிறகு ரிஸ்தாவைப் பார்த்துக் குனிந்தாள். நான்கு வருடம் தள்ளி நின்று கேட்க முயன்றவள், இப்போது முகத்துக்கு நேராக வாயைப் பார்த்தாள்.

"காது சரியாக் கேக்கல ரிஸ்தா. இன்னொரு தடவை சொல்லு."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கைக்குள்ளே பையன், சுற்றி ஊர். சொல்லாமல் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன்.

"தனாசியே," என்றான்.

"என்ன தாத்தா?" என்றான் பையன்.