அத்தை சுட மறுத்த தேங்காய்

எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி பிடித்த பெண் என் அத்தை ஒருத்திதான். அப்பாவுக்கு மூத்தவள். அருமனையைத் தாண்டி மலையோரத்தில் அவளுக்கும் மாமாவுக்கும் சின்னதாக ஒரு ரப்பர் தோட்டமும், கூப்பிட்ட குரலுக்கு அக்கம்பக்கத்தில் ஆளில்லாத ஒரு வீடும் இருந்தன. மாமா பட்டாளத்தில் இருந்து வந்தவர். தனி வீடு என்பதால் முறையாக லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வைத்திருந்தார். கைத்தோக்கு என்றுதான் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பிள்ளையில்லாத வீடு, பள்ளிக்கூடமும் நடக்கிற தூரத்தில் இருந்தது என்பதால் என்னை அங்கே விட்டிருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது.

மாமாவின் கடைசி இரண்டு வருடம் வலது கையும் காலும் விழுந்துபோயின. அதோடு துப்பாக்கியின் வேலை முழுவதும் அத்தையின் கைக்கு வந்தது. சனிக்கிழமை தோறும் மேசைமேல் பழைய வேட்டித்துணியை விரிப்பாள். முதலில் உருளையைத் திறந்து ஆறு தோட்டாவையும் உள்ளங்கையில் கொட்டி எண்ணுவாள். அவற்றை அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள். வந்ததும் மறுபடி உருளையைத் திறந்து ஒவ்வொரு ஓட்டையாகச் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். பிறகுதான் கம்பியில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விடுவது. நான் அவளுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். முன்னால் வந்தால் வேலையே நின்றுவிடும்.

ஒருநாள் நடுவில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தவள், திரும்பவும் உருளையைத் திறந்து விரலை விட்டாள்.

"இப்பந்தானே பாத்தீங்க?" என்றேன்.

"அது அப்பம். இது இப்பம்," என்றாள்.

எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் போடுகிற ஊர் அது. தலைக்கும் கதவுக் கீலுக்கும் ஒரே எண்ணெய். அத்தையும் ஆரம்பத்தில் துப்பாக்கிக்கு அதையே போட்டிருக்கிறாள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எண்ணெய் பிசின்போல் கட்டி உருளை சுற்றாமல் நின்றுவிட்டது. மாமா பாதி வாயால் சிரித்தாராம். அதன் பிறகு தையல் மிஷின் எண்ணெய்தான், அதுவும் இரண்டே சொட்டு. மாதம் ஒருமுறை கைவிடப்பட்ட கல்லுவெட்டாங்குழிக்குப் போய், பனை உயரத்துக்கு நிற்கும் பாறையைப் பார்த்து மூன்று குண்டு சுட்டுப் பழகுவாள். ஒரு நாளும் வேறெங்கும் சுட்டதில்லை. முற்றத்தில் நின்ற தென்னையில் ஒரு தேங்காயையாவது சுட்டுக் காட்டும்படி நான் கெஞ்சியிருக்கிறேன். "குண்டு தேங்காயோட நிக்குமாட்டி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மாமா இறந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய தம்பி, நான் சின்ன மாமா என்று கூப்பிடுகிறவர், வந்து பெட்டிச் சாவியைக் கேட்டார். துப்பாக்கி பெட்டியில் இல்லை. அன்று காலையிலேயே அத்தை அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கியிருந்தாள்.

"ஆளு போனா லைசென்ஸும் போச்சு. அதுக்குப் பெறவு வீட்டுல வெச்சிருக்கப்பிடாது. எனக்க பேருக்கு எழுதிக் குடுத்திருக்கேன். வந்தா எடுத்துக்கிடுவேன்."

சின்ன மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. "மைனி, கைத்தோக்கு ஆம்பளைக்குள்ளதாக்கும். தோட்டத்த நான் பாக்கேன். நீங்க ஒங்க தம்பி வீட்டுல போயி சொகமா இருங்க."

"எனக்க வீட்டுல இருந்து என்னைய எறக்க நீ ஒருத்தன் போராது," என்றாள் அத்தை.

துப்பாக்கி யார் பெயரிலோ அவர் சொன்னதுதான் அந்த மலையோரத்தில் நடக்கும். அதனால் சின்ன மாமாவும் ஒரு மனுப் போட்டார். அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், ஆபீஸில் எல்லாம் மலையாளம்தான். அத்தையின் மனு தமிழில் இருக்கிறது என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினார். அத்தை அதே காகிதத்தின் அடியில், "படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கவும்" என்று தமிழில் எழுதி மறுபடியும் அனுப்பினாள். கடைசியில், இரண்டு பேரும் வந்து சுட்டுக் காட்டட்டும், தெரிந்தவருக்குக் கொடுக்கலாம் என்று தாசில்தார் சொல்லிவிட்டார்.

நாள் குறித்ததும் நான் பள்ளிக்கூடத்தில் பேசாத பேச்சில்லை. என் அத்தை பறக்கிற கொசுவைக்கூடச் சுடுவாள் என்று சொன்னேன். என் கூட்டுக்காரிகள் மூன்று பேர் நம்பவில்லை. "வந்து பாருங்கட்டி," என்றேன். ஸ்டேஷனுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். ஆனால் பின்புறத்து மைதானத்துக்கும் ஆற்றுக்குப் போகிற பாதைக்கும் நடுவே ஒரு பழைய மண்சுவர் இருந்தது. மழையில் கரைந்து விரிசல் விட்ட சுவர். அந்தப் பக்கம் நின்று விரிசலில் கண்ணை வைத்தால் எல்லாம் தெரியும் என்று நான்தான் இடம் காட்டிக் கொடுத்தேன்.

அன்று அப்பாவும் வந்திருந்தார். "அக்கா, விட்டுத் தொலச்சிரு. எனக்க வீட்டுல உனக்கு எடமில்லியா?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கையைப் பிடித்திருந்ததால் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். மைதானத்தில் நாற்காலி போட்டுத் தாசில்தார் இருந்தார். இன்ஸ்பெக்டரும் போலீஸ்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்த கடைக்காரர்களுமாக நல்ல கூட்டம். மண்சுவரையொட்டி ஒரு முக்காலிமேல் தேங்காய் ஒன்றை வைத்திருந்தார்கள்.

"ஸ்திரீ ஆதியம்," என்றார் இன்ஸ்பெக்டர். பொம்பிளை முதலில் என்று அர்த்தம்.

அத்தை துப்பாக்கியை வாங்கினாள். குழலைத் தரையைப் பார்க்கத் தாழ்த்தி உருளையைத் திறந்து, விரல் விட்டுப் பார்த்து, ஆறு தோட்டாவையும் போட்டாள். விரல் விசைமேல் இல்லை, வெளியே நீட்டியிருந்தது. அது பயத்தினால்தான் என்று ஒரு கடைக்காரர் சொல்ல, எனக்குக் காது சூடாகியது. அத்தை தேங்காயைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"இந்தச் செவருக்கு அங்கோட்டு என்ன?" என்று கேட்டாள்.

"வழியாக்கும். இந்நேரத்துல ஆரும் வரமாட்டா. நிங்ஙள் வெடி வெக்கு."

"ஆரும் இல்லன்னு பாத்தியளா?"

இன்ஸ்பெக்டருக்கு முகம் மாறியது. "மண்செவரு இருக்கில்லே?"

"மண்செவரு குண்டத் தாங்காது சாரே. நான் இங்க சுடமாட்டேன்."

கூட்டம் சிரித்தது. "பேடிச்சுப் போயிட்டா!" என்று சின்ன மாமா கையைத் தட்டினார். "தாருங்க மைனி, நான் சுட்டுக் காட்டுதேன்."

அத்தை உருளையைத் திறந்து ஆறு தோட்டாவையும் கொட்டி, வெறும் துப்பாக்கியை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தாள். தோட்டாக்களைக் கைக்குள் மூடிக்கொண்டு நேரே சுவரைப் பார்க்க நடந்தாள். முக்காலியிலிருந்த தேங்காயைத் தள்ளிவிட்டு, அதன் முன்னால், எங்கள் எல்லாரையும் பார்த்து நின்றாள்.

"நானும் சுடமாட்டேன், இவனும் சுடப்பிடாது. சுட்டுப் பாக்கணும்னா கல்லுவெட்டாங்குழிக்கு வாங்க. அங்க பாறை உண்டு. இங்கதான் சுடணும்னு உள்ளவன் என்னையச் சுடட்டு."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். தாசில்தார் அவளை வரச் சொன்னார், அதட்டினார், மனுவைத் தள்ளிவிடுவேன் என்றார். "எதுக்குத் தள்ளுனீங்கன்னு எழுதித் தாங்க. நான் மேல காட்டிக்கிடுதேன்," என்று அங்கேயே நின்றாள். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தாசில்தாருக்குத்தான் பசித்தது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று எழுந்தார்.

அந்த இன்னொரு நாள் ஒரு மாதம் கழித்துக் கல்லுவெட்டாங்குழியிலேயே வந்தது. அன்று சின்ன மாமாவை முதலில் கூப்பிட்டார்கள். அவர் துப்பாக்கியைத் திறந்துகூடப் பார்க்காமல், விசையில் விரலைப் போட்டுக்கொண்டு, "சாரே, எத்தன குண்டு?" என்று கேட்பதற்காக அப்படியே திரும்பினார். குழல் தாசில்தாரின் வயிற்றைப் பார்த்தது. அவ்வளவு பெரிய உத்தியோகஸ்தர் அத்தனை வேகமாகக் குனிந்ததை அதற்குப் பிறகு நான் எங்கும் கண்டதில்லை. சின்ன மாமாவின் மனு அங்கேயே முடிந்தது. அத்தை பாறையைப் பார்த்து ஆறு குண்டு சுட்டாள். ஐந்து குறியில் பட்டது. லைசென்ஸ் மலையாளத்தில் வந்தது. தோட்டத்தை அவள் இன்னும் முப்பது வருடம் ஆண்டாள்.

ஆனால் அந்த முதல் நாள் சாயங்காலம் வீட்டில் நடந்த ஒன்றை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்டேஷனிலிருந்து திரும்பி வருகிற வழியில் நான் அத்தையின் கையைப் பிடிக்கவில்லை. பத்தடி பின்னால் நடந்தேன். வீட்டில் கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. அத்தை அடுக்களையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கைத் தொலி சீவிக்கொண்டிருந்தாள்.

"எனத்துக்குட்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கு நான் எப்பிடிப் பள்ளிக்கொடத்துக்குப் போவேன்? எனக்க கூட்டுக்காரிய மூணு பேரும் பாத்துக்கிட்டுல்லா நின்னாளுவ! நீங்க பேடிச்சத அவளுவ கண்டாச்சு!"

"மூணு பேரா? நான் காணல்லியே. எங்க நின்னாளுவ?"

"செவருக்கு அந்தப் பக்கம்."

சீவுகிற கத்தி நின்றது.

"எந்த எடத்துல?"

"தேங்காய்க்கு நேரே. அங்கதான் விரிசல் பெருசு. நான்தான் நிக்கச் சொன்னேன்."

அத்தை என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மரச்சீனிக் கறை படிந்த கையோடு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மூன்று பெயரையும் கேட்டாள். சொன்னேன். ஒவ்வொரு பெயராகத் தனக்குள் திரும்பச் சொல்லிக்கொண்டாள். காலையில் அத்தனை பேருக்கு முன்னால் அசையாமல் நின்ற உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. கண்ணீர் என் உச்சந்தலையில் விழுந்தது.

சுட்டிருக்கலாமே என்று இப்போது வருத்தப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"போட்டும் அத்தே, அழாதீங்க. அடுத்த தடவ பேடிக்காமச் சுடுங்க."

அத்தை என்னை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அன்று மரச்சீனியும் மீன்குழம்பும் வயிறு முட்டத் தின்றேன். அத்தையை மன்னித்துவிட்டோம் என்ற பெருமையில் படுத்ததும் நல்ல தூக்கம் வந்தது.