புள்ளி வைத்த எழுத்தும் எலுமிச்சம் பழமும்

தேவிகா டைப்பிங் கடையில் கம்ப்யூட்டரிலேயே செய்வினை வைத்துத் தருகிறார்கள் என்று காரைக்குடியில் ஒரு பேச்சு ஓடியது. தகடு, மை எல்லாம் பழசாம், இப்போது பிரிண்டராம். அந்தப் பேச்சுக்குப் பக்கத்திலிருக்கும் என் டீக்கடையிலும் கொஞ்சம் மசாலா சேர்ந்தது. நடந்தது இதுதான்.

வலையபட்டிக்காரி தேவிகா. கல்யாணப் பத்திரிகை, மனு என்று அடித்துத் தனியாளாகப் பிழைப்பவள். அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை. தேவகோட்டையிலிருந்து ஓர் அம்மா பையோடு வந்துபோன பிறகுதான் போக்கு மாறியது. பட்டப்பகலில் ஷட்டர் பாதி இறங்கும். உள்ளே முணுமுணுப்பு. தொடையில் ஓர் அடி, விரல் விட்டு எண்ணல், கையைத் திருப்பி மறுபடி அடி. நானே குனிந்து பார்த்தேன். நல்ல வேலைக்கு எதற்கு ஷட்டர்?

ஒருநாள் அவள் கடைத் தாள் ஒன்று பறந்து, அந்தக் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் சொக்கு அண்ணன் வீட்டுக்குள் விழுந்தது. ஒற்றை ஒற்றை எழுத்து. சிலதுக்குத் தலையில் புள்ளி, சிலதுக்குக் காலடியில். நடுநடுவே இரட்டைக் கோடு. அன்றைக்கே அவர் சம்சாரத்துக்குக் காய்ச்சல். சாக்கோட்டையில் குறி சொல்பவரிடம் ஓடினார். அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, குங்குமம் தடவிய எலுமிச்சம் பழத்தை அவள் கடை வாசலில் புதைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை வாசலை நாய் தோண்டிப் போட்டிருந்தது. தேவிகா பழத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொக்கு அண்ணன் புதுப் பூட்டோடு வந்தார்.

"இந்தா தேவிகா, கடையைக் காலி பண்ணு. இது என்ன எழுத்து?" தாளை நீட்டினார்.

"பாட்டுக்குச் சுரம்ணே. மேல புள்ளின்னா மேல ஏறிப் பாடணும், கீழன்னா எறங்கணும். தாளம் ஒரு சுத்து முடிஞ்சா ரெட்டைக் கோடு. தேவகோட்டைப் பாட்டு டீச்சரு போடுற புத்தகம். இதுல புள்ளி எடம் மாறிருச்சு, அதான் குப்பைல போட்டேன்."

"தொடையில தட்டுறது?" வாய் சும்மா இருக்காமல் நான் கேட்டேன்.

"தட்டிப் பாக்காம கோட்டை எங்குட்டுப் போடுறது? பஸ்ஸு ஆரன்ல எண்ணிக்கை விட்டுப்போகுது, அதான் ஷட்டரு. நீங்க குனிஞ்சு பாத்ததும் தெரியும்ணே."

எனக்கு டீ பொங்குகிற ஞாபகம் வந்தது. ஆனால் போகவில்லை.

சொக்கு அண்ணன் விடவில்லை. "அப்ப எங்க வீட்டுல காய்ச்சல் எப்புடி வந்துச்சு? செய்வினை இல்லைங்கிறியா?"

அவர் விரலில் குங்குமச் சிவப்பு இன்னும் போகவில்லை. தேவிகா அதைப் பார்த்தாள். பூட்டு பிடித்த அந்தக் கையிலேயே பழத்தை வைத்தாள்.

"இந்தத் தெருவுல செய்வினை வச்சது ஒரே ஆளுதாண்ணே, அது நீங்க. நான் அடிக்கிறது பாட்டு."